ஒரே கொசு கடித்த இரண்டு பேர்

இன்னும் என் காதில் சிரித்துக்கொண்டிருக்கிற மச்சான் ஏழுமலைக்கு,

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கச்சாவடி போட்டார்களே, அந்த வருஷம்தான் நம் கடப்பாக்கத்துக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்க டாக்டரம்மா வந்தார்.

அதற்கு முன்பே உன் வலது கால் யானைக்காலாக வீங்கியிருந்தது. நீ, நான், கன்னியப்பன், தேசப்பன் என்று படகில் நாம் நாலு பேரும் ஒரே தூக்கில் கஞ்சி குடித்தவர்கள். கன்னியப்பன் உனக்கு மட்டும் தனித் தூக்கு கொண்டுவந்தான். அப்புறம் வாய்விட்டே சொன்னான்: “அண்ணாத்த, நீ கரையிலயே குந்திக்கோ. எங்களுக்கும் ஒட்டிக்கும்.” படகை விட்டால் உனக்கு வேறு என்ன இருந்தது?

அரசாங்க மாத்திரை வந்தபோதுகூட, கால் வீங்கினவனுக்குத்தானே என்று நாங்கள் மூவரும் அதை மணலில் போட்டோம். நீ மட்டும் விழுங்கினாய்.

டாக்டரம்மா முடிவைச் சொன்ன அன்று எல்லாரும் உன்னைத்தான் பார்த்தோம். அவரோ என்னைப் பார்த்தார். “யானைக்கால் புழு உங்க ரத்தத்துலதான் இருக்கு. இவர் ரத்தத்துல இல்ல.” நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். ஒரு வீக்கமும் இல்லை.

உன் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் புழுவோடு விடாமல் சண்டை போட்டனவாம். அந்தச் சண்டையிலும் கால் கெட்டுப்போகுமாம். என் அணுக்கள் புழுவைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டனவாம். கொசு என்னிடமிருந்துதான் புழுவை ஊருக்கு எடுத்துப் போகுமாம்.

நீதான் முதலில் சிரித்தாய். “இன்னாடா கன்னியப்பா, மச்சானுக்கும் ஒரு தூக்கு வாங்கிக்கினு வரியா? கஞ்சில ஒட்டாதுடா, கொசு கொண்டாருது. மாத்திரைய முழுங்கு!”

“வுடு அண்ணாத்த, மானத்த வாங்காத” என்றான் அவன். மறுநாள் கை கொடுத்து உன்னைப் படகுக்குள் ஏற்றிவிட்டவனும் அவன்தான்.

நீ கண்ணை மூடிய பிறகு நடந்ததையும் கேள். மாத்திரையில் என் புழு ஒழிந்தது. மறுபடியும் வந்து ரத்தம் எடுத்தார்கள். புழு போனதும், சும்மா கிடந்த என் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக முழித்துக்கொண்டனவாம். எனக்குப் பயம்தான், ஆனால் கால் வீங்கவில்லை. உன் அணுக்கள் மட்டும் ஏன் முதலிலேயே முழித்திருந்தன? “அதைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்” என்கிறார் டாக்டரம்மா.

இனி மாத்திரை வருகிற நாளில், கால் நன்றாக இருக்கிறவனைத்தான் முதலில் பிடித்து என் எதிரில் விழுங்க வைப்பேன். இது உனக்கு என் வாக்கு.

கடல் ஊருக்குள் வந்தபோது தேசப்பனைக் கொண்டுபோனது. கன்னியப்பன் போன ஐப்பசியில் படுத்தவன் எழவில்லை. நம் படகில் இன்னும் மூச்சு விடுகிறவன் ஒருவன்தான்:

உன் தங்கச்சி புருஷன்,
முனுசாமி