லென்ஸ் ஓரத்து அம்புக்குறி

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் காஸ்ட்ரோவில் மழை விட்டதா? பாலைவனக் காற்றில் என் உதடு வெடித்திருக்கிறது, மற்றபடி நலம்.

நட்சத்திர ஒளியைப் பிரித்துக் காட்ட நான் வடிவமைத்த கருவியைப் போன வாரம் சோதித்தோம். புள்ளியாக விழவேண்டிய விளக்கொளி பூசணிக்காயாகப் பரவியது. இரண்டு வருடக் கணக்கும் தப்பு என்றே நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள், லென்ஸ் பொருத்தும் நிபால்தோ கேட்டார்:

"டாக்டர், லென்ஸ் ஓரத்துல பென்சில்ல அம்பு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

"ஒளி போற திசை."

"போச்சு. எங்க பட்டறையில அம்பு வளைஞ்ச பக்கத்தைக் காட்டும். திருப்பி மாட்டிட்டேன்."

சரியாக மாட்டியதும் ஒளி ஊசிமுனையாக நின்றது.

"இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?" என்றார். சிரித்தேன், கண்ணும் கலங்கியது.

சாக்பீஸ் குறி துணியின் உள்பக்கம்தான் என்று தையல் கற்றுத்தரும்போது முதலிலேயே சொன்னீர்களே, நானும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கடிதத்தைத் தாளின் இரண்டு பக்கமும் எழுதுங்கள், ஒரு பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தொலைநோக்கி இருக்கும் மலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள்
ஹாவியேரா