இரண்டு எச்சில் குப்பிகள்

அடி வாயாடி மகளே,

"துப்பாதே"ன்னு சுவரெல்லாம் எழுதிவைக்கிற காலத்துல, அப்பனைத் துப்பச் சொல்லிக் கெஞ்சுறவ நீ ஒருத்திதான். போன தடவை காபி குடிச்சிட்டுத் துப்பிக் கெடுத்துட்டேன். இப்போ வாயைக் கொப்பளிச்சு, அரைமணி நேரம் பட்டினி கிடந்து, நீ அனுப்பின குப்பியில துப்பியிருக்கேன். உங்கம்மா குப்பியும் கூடவே வருது.

மரபணுவுல ஒரு எழுத்து மாறினதால புரதம் கோணிப்போய், அதனாலதான் அண்ணன் இதயம் நின்னுச்சுன்னு சொன்னே. அந்த எழுத்து எங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு இந்த எச்சிலை வச்சுக் கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் உன் வயித்துப் பிள்ளைக்கு நல்லதுன்னா, தாராளமாப் பாரு.

ஆனா ஒண்ணு. அம்மா இன்னும் அவன் சட்டையைத் துவைச்சு மடிக்கிறா. அந்த எழுத்து அவகிட்ட இருந்தே வந்திருந்தாலும், "எல்லாம் அப்பாவாலதான்"னு அவ காதுபட என்னைத் திட்டிடு. திட்டு வாங்கிப் பழகின உடம்பு இது.

உன் போக்கிரி அப்பன்