ஏப்ரல் வரை பொறுக்கும் ஆப்பிள்

ஹிரோசாகி
நவம்பர் 20, 1968

மதிப்பிற்குரிய ஷினோ அவர்களுக்கு,

நலம்தானே? சம்பந்தம் பேசத் தரகரம்மா உங்களை எங்கள் தோட்டத்துக்கு அழைத்து வந்த அன்று, நான் நீட்டிய ஆப்பிளைக் கடித்து முகம் சுளித்தீர்கள். மறுநாளே வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். "புளிச்ச ஆப்பிளக் குடுத்து உன் கல்யாணத்த நீயே கெடுத்துக்கிட்டியேடா!" என்று தரகரம்மா என் தலையில் குட்டாத குறை.

தப்பு என்னுடையதுதான். அந்த ஆப்பிள் யுகினோஷிதா, பேருக்கேற்றபடி, பனிக்கு அடியில் கிடந்து பழுக்கும் பழைய ரகம். பறித்த மாதத்தில் வெறும் கல். உமியில் புதைத்து ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஏப்ரல் வரை பொறுத்துப் பாருங்கள்.

யாசாகு

அவோமோரி
டிசம்பர் 27

யாசாகு அவர்களுக்கு,

பெட்டி வந்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. வந்த அன்றே ஒன்றைக் கடித்துவிட்டேன், கல்தான்! தோல் ஏன் இவ்வளவு இறுக்கம்? காம்படியில் ஏன் வெடிப்பு? ஊரே புது ரகம் ஒட்டுக்கட்டும்போது நீங்கள் மட்டும் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

ஷினோ

ஹிரோசாகி
ஜனவரி 15, 1969

ஷினோ அவர்களுக்கு,

தோல் இறுக்கமாக இருப்பதால்தான் சாறு வற்றுவதில்லை. இலையுதிர்கால மழையில் சதை உப்பும், தோல் இடம் கொடுக்காது, வெடித்துவிடும். மற்ற மரங்கள் பூத்து முடித்த பிறகே இது சாவகாசமாகப் பூக்கும். அதனால் பூவைக் கருக்கும் பின்பனியிடம் ஏமாறாது. பழம் சின்னது, நிறமும் மங்கல். ஆனால் மற்றவை மாவாகிப்போகும் மார்ச்சிலும் இது நறுக்கென்று கடிபடும். அதனால்தான் விடவில்லை.

யாசாகு

அவோமோரி
ஏப்ரல் 6

யாசாகு அவர்களுக்கு,

இன்று கடைசிப் பழம். நறுக்கென்றுதான் இருந்தது, நல்ல இனிப்பு. நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

ஆனால் எனக்குப் புளிப்புதான் உயிர். அன்று முகம் சுளித்தது அந்தப் புளிப்பை ரசித்துத்தான். வேண்டாமென்றதற்குக் காரணம் வேறு. அன்று பொழுதெல்லாம் உங்கள் மரங்களைப் பற்றியே பேசினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதத்திலும் நான்தான் கேட்கிறேன். எனக்குப் புளிப்பு பிடிக்குமா என்றுகூட உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் வருத்தம்.

ஷினோ

ஹிரோசாகி
ஏப்ரல் 9

ஷினோ அவர்களுக்கு,

வெட்கமாக இருக்கிறது. புளிப்பு தவிர வேறு என்ன பிடிக்கும்? எதற்குச் சிரிப்பு வரும்? எதைக் கண்டால் பயம்? அன்று அவ்வளவு நேரம் எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?

யாசாகு

அவோமோரி
ஏப்ரல் 13

யாசாகு,

எழுதி மாளாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வாருங்கள், தரகரம்மா இல்லாமல். சொல்லி முடிக்க வெகுநேரமாகும். சோறு கட்டிக்கொண்டு வாருங்கள்.

ஷினோ