உங்கள் லீவும் ஜன்னலோரத்துப் பூமருதும்

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் இன்று கை வரவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே சுருக்கமாகச் சொல் என்பீர்கள். கடிதத்தை அப்படி மடக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மாடித் தொட்டி ஒழுகியது, அடைத்தாயிற்று. மகளுக்குப் பரீட்சை முடிந்தது. நீங்கள் அனுப்பிய கைப்பை பிடித்திருக்கிறது என்று எழுதச் சொன்னாள்.

நேற்றுக் காலை நீங்கள் ஏற்பாடு செய்த ஆள் கோடரியும் கயிறுமாக வந்து நின்றார். ஜன்னலோரத்துப் பூமருதை வேரோடு எடுத்துவிட்டு, கார் நிறுத்த அங்கே சிமெண்ட் தளம் போடச் சொல்லியிருக்கிறீர்களாம். இந்த வீட்டிலேயே கிடக்கிற எனக்கு அதை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

போன லீவில் உங்கள் நண்பர்கள் முன்னால் சொன்னீர்களே, "இத்தனை வருஷத்துல ஒரு பூ பாத்ததில்ல. பூக்காத மரத்துக்கு எதுக்கு இடம்?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான் டீத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த மரம் வருடம் தவறாமல் பூக்கிறது, அத்தான். நீங்கள்தான் பார்த்ததில்லை.

இந்தக் கன்றை வாங்க நர்சரிக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று அங்கிருந்தவர் கேட்டார். ஜன்னலுக்குக் கீழே என்றேன். அப்படியானால் இடுப்பளவே வளரும் குட்டை ரகம் போதும் என்று ஒரு தொட்டியைக் காட்டினார். நீங்கள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கூரைக்கு மேல் வளரும் ரகத்தைக் கைகாட்டினீர்கள். கொடுக்கிற காசுக்குப் பெரியதாக இருக்கட்டும் என்றீர்கள். வந்த மரம் தன் பாட்டுக்குத் தன் உயரத்துக்கு வளர்ந்தது. ஜன்னலை மறைக்கிறது என்ற பழியும் அதன் தலையிலேயே விழுந்தது.

ஒவ்வொரு லீவிலும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பெரிய கத்தரியைத் தேடுவீர்கள். நீங்கள் வரும் மாதம்தான் அது மொட்டு விடும் மாதம். நுனியில் பட்டாணி போலப் பச்சையாக உருண்டிருப்பது காய் அல்ல, மொட்டு. பூமருது புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். இலை உதிர்ந்து நிற்கும்போது காய்ந்த குச்சிகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும், அடியில் கிளம்பும் முளைகளையும் எடுத்தால் போதும். சொல்ல வாயெடுத்தேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, கைக்கு எட்டிய கிளைகளையெல்லாம் மொட்டையடித்துவிட்டு அழகாக இருக்கிறது என்றீர்கள்.

நீங்கள் விமானம் ஏறிய பிறகு, வெட்டிய முண்டுகளிலிருந்து ஒல்லி ஒல்லியாகத் தளிர் வரும். காலம் தப்பிப் பூவும் வரும், கசக்கிப் பிரித்த காகிதம் போல ஓரமெல்லாம் சுருங்கி, ரோஸ் நிறத்தில். அந்தக் கனத்தைத் தளிர் தாங்காது. ஒரு மழைக்கே ஒடிந்து தொங்கும். நானும் மகளும் பழைய புடவையைக் கிழித்து மூங்கிலோடு சேர்த்துக் கட்டுவோம். உங்களுக்கு எட்டாத ஒரே ஒரு கிளை மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது. அது மட்டும் உரிய காலத்தில் பூத்துக் குலுங்கும். உங்கள் மரத்துக்கு எங்கள் வீட்டின் மேல்தான் பிரியம் என்று பக்கத்து வீட்டு டீச்சர் கேலி செய்வார். நானும் சிரித்துவைப்பேன்.

மகள் பாடுவாள் என்று உங்களுக்குத் தெரியுமா? துணி மடிக்கும்போது, குளிக்கும்போது, எந்நேரமும் பாட்டுதான். நீங்கள் வந்தால் நிறுத்திவிடுகிறாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்?" என்று ஒருமுறை கேட்டீர்கள். உங்களுக்கு மறந்திருக்கும். நீங்கள் போன பிறகும் அந்தப் பாட்டு உடனே திரும்புவதில்லை. ஒவ்வொரு வருடமும் இன்னும் தாமதமாகத் திரும்புகிறது. ஒரு வருடம் திரும்பாமலே போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஆத்திரமும்தான்.

வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவ்வளவு தூரம் வந்தவர் சும்மா போக வேண்டாம் என்று உங்கள் பெரிய கத்தரியை அவருக்கே கொடுத்துவிட்டேன். கார் தெருவில் நிற்கட்டும், வருடத்துக்கு ஒரு மாதம்தானே.

டிக்கெட் போட்டாயிற்று என்றீர்கள். மாற்றுங்கள். இரண்டு மாதம் தள்ளி வாருங்கள். முடியாது என்றால் இந்த வருடம் வர வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கணவன் முகத்தைப் பார்க்கிற ஒருத்தி இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். மரம் பூத்திருக்கும்போது நீங்கள் வந்தால், உள்ளே மகள் பாடிக்கொண்டிருப்பாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று கேளுங்கள். உடனே கதவைத் தட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி