நோன்பு மாதத்தில் நிறுத்திய மாத்திரை

என் பிரியமான காதர் மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நீ உட்காரும் நாற்காலியில் இப்போது பழைய பேப்பர் கட்டு இருக்கிறது. நீ லாத்தா என்று கூப்பிடும் உன் அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது.

போன வாரம் சிதம்பரம் போய் உன் டாக்டரைப் பார்த்தேன். உன் மனச்சிதைவு நோய்க்கு அந்த மாத்திரை என்னதான் செய்தது என்று கேட்டேன்.

"மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு ரசாயனத்தால சேதி அனுப்புது. இந்த நோயில அது ஜாஸ்தியாகுதோன்னு சந்தேகப்படுறோம். மாத்திரை அந்தச் சேதியை மறிச்சு நிக்குது போல. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார். நோயை வேரோடு எடுக்காதாம். அடக்கி வைக்குமாம்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம், உன் காதில் கேட்கும் குரல்களைப் பற்றி நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "குரல் இருக்கு மச்சான். ஆனா பக்கத்து வீட்டுல யாரோ பேசுற மாதிரி. பேசிட்டுப் போகட்டும், எனக்கென்ன?" பிறகு அதுவும் ஓய்ந்தது. ஜவுளிக்கடை வேலைக்குத் திரும்பினாய். மாத்திரையால் கை நடுங்கியது, வாய் உலர்ந்தது. அவ்வளவுதான்.

அந்த வருஷ நோன்புக்கு நான்தான் சொன்னேன்: "பகல்ல மாத்திரை போட்டா நோன்பு ஏது? நல்லாத்தானே இருக்கே, ஒரு மாசம் விடு."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாமா மச்சான்?"

"நம்ம நோன்பைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

முப்பது நோன்பும் நன்றாகவே போயிற்று. கை நடுக்கம்கூட நின்றது. பெருநாளுக்குப் பிறகும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கவில்லை. நிறுத்தியதும் நோய் உடனே திரும்பாது, வாரங்களோ மாதங்களோ கழித்து வரும், அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள் என்கிறார் டாக்டர். விடியும் முன் ஸஹர் சாப்பாட்டோடும், மாலையில் நோன்பு திறந்த பிறகும் மாத்திரையைக் கொடுத்திருக்கலாமாம். ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன் நான், அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் குரல் திரும்பியது. நீ காணாமல் போனாய். சிதம்பரம் ரயிலடியில் காய்ச்சலோடு கிடந்தாய். "அவுங்க நிறுத்த மாட்டேங்குறாங்க மச்சான்" என்றாய். காய்ச்சல் இறங்காமல் நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாய்.

உன் லாத்தா இன்னும் உன்னைத்தான் திட்டுகிறாள். "நல்லானதும் திமிரு. தானா மாத்திரையை விட்டுட்டான்." நான் குனிந்து சாப்பிடுகிறேன். அந்த நாலு நாளும் உன் பக்கத்திலேயே இருந்த அவளிடம் நீ ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

இந்தக் கடிதம் எங்கள் பத்திரிகையில் அச்சுக்குப் போகும் முன் அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். பிறகு எனக்குச் சோறு போடுவாளோ, மாட்டாளோ. உன்னைத் திட்ட மாட்டாள்.

உன் லாத்தாவைக் கட்டிய,
உன் மச்சான்