மொரிதா அண்ணனின் விரல்

இயேசு மரி சூசை துணை

றக்வான,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் ரெஜினோல்ட்டுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் மேச்சைப் பார்க்க மஷூர் நானாவின் கடையில் இருந்தவர்கள் அப்பா, தங்கச்சி ஸ்டெபானி, நான், கடைக்கார நானா, நாலு பேர்தான். தோட்டத்து லய வீட்டில் சிக்னல் இல்லாததால் தங்கச்சியின் போனை அங்கே சீனி மூட்டையில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலியும் குறைவு, மழைதான் விடவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

நீ ஜப்பானுக்குப் போய் மூன்று வருடம். பேஸ்போலில் பந்தைப் பிடிக்கக் குந்தியிருக்கிறவர் ஒருவர்தான், இரண்டாவது ஆளாகிய நீ பந்து எறிகிறவர்களுக்குக் கை சூடேறும்வரை வெளியில் பிடித்துக் கொடுத்துவிட்டு பெஞ்சில் இருப்பாய் என்று விளங்கப்படுத்தினாய் அல்லவா, அன்றிலிருந்து கொப்பியில் குறித்து வருகிறேன், இருநூற்றுப் பதினாலு மேச்சில் நீ நின்றது பதினேழு. "மகன ஜப்பானுக்கு அனுப்புனது பெஞ்ச தேய்க்கவா" என்று நானா கேலி பண்ணும்போது அப்பா சிரிப்பார், வீட்டுக்கு வந்து சோறு சரியாகச் சாப்பிடமாட்டார். அதைப் பார்த்துத்தான் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் பிடித்து, என் மகன் மேச்சில் நிற்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கோயில் மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன். ஒன்பதாவது செவ்வாய் முடிந்து வியாழன் நீ போன் எடுத்தாய். "அம்மா, எனக்கு எடம் கெடச்சிருச்சு. ஆனா மொரிதா அண்ணனுக்குப் பந்து பட்டு வெரல் ஒடஞ்சி போச்சு" என்றாய். இதுவரை அந்த இடத்தில் நின்றவர், உனக்கு இந்த வேலையைப் பழக்கி, முதல் குளிருக்குத் தன் ஜக்கெட்டைக் கழற்றித் தந்த மனிதர். முப்பத்தாறு வயது, சீசன் முடிவதற்குள் திரும்பி வராவிட்டால் அடுத்த வருடம் அவரை எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னாய். நான் நவநாளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஞாயிறு நீ நன்றாக நின்றாய். ஓடி வந்தவனை நீ பந்து எறிந்து அவுட் ஆக்கியபோது நானா மேசையில் அடித்து, "பாருங்க இருதயராஜ், நம்ம ஆள் எழும்பிட்டார்" என்று அப்பாவிடம் சொல்லி எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினார். அப்பா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கும் சந்தோஷம், இல்லை என்று சொல்லமாட்டேன். அப்போதுதான் படம் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைத் தட்டி உனக்காகச் சத்தம் போட்டவர் அவர்தானே. அந்தோனியார் யாருடைய விரலையும் உடைக்கிறவர் இல்லை, அது தெரியும். ஆனாலும் ஒருவர் மட்டும் நிற்கிற இடத்தில் என் மகன் நிற்க வேண்டும் என்று கேட்டால், நிற்கிறவர் உட்கார வேண்டும் என்றும் சேர்த்துத்தானே கேட்டிருக்கிறேன். ஒன்பது வாரமும் இது என் புத்தியில் படவில்லை.

இன்றிலிருந்து அவருடைய விரலுக்காக ஒன்பது செவ்வாய் தொடங்குகிறேன். விரல் சேர்ந்தால் நீ திரும்ப பெஞ்சுக்குப் போவாய், தெரிந்துதான் கேட்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, போனில் பேசினால் அவர் பக்கத்தில் இருப்பார், உனக்குச் சொல்லாமல் செய்யவும் மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அதுவரை கிடைக்கிற மேச்சை அரைமனதோடு விளையாடாதே, அது அவருக்கே மரியாதை இல்லை. ஒருநாள் பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் வா. குளிரில் காலுறை இல்லாமல் படுக்காதே.

மாதா உன் கூடவே இருந்து காக்கட்டும். சீட்டில் "மொரிதா" என்று மட்டும் எழுதி மற்றப் பாதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். இந்தத் தபால் வந்து சேர இரண்டு மூன்று செவ்வாய் போய்விடும், மிச்ச வாரங்களுக்காவது அவருடைய முழுப்பெயர் வேண்டும். அதையும், உனக்கு என்மேல் கோபமா என்பதையும் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
லூர்தம்மா