காதுதான் தீர்ப்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கடிதத்தை "இங்கு யாவரும் நலம்" என்று தொடங்க வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை. பயந்துவிடாதே, யாரும் படுத்த படுக்கையாக இல்லை. அப்பா முன்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மின்விசிறி ஓடுகிறது. நான் அடுக்களை மேஜையில் வைத்து இதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பாவுக்கு இன்னும் என் மேல கோவம் போகலையாம்மா? எப்ப கூப்பிட்டாலும் 'அம்மாகிட்ட சொல்லு'ன்னு போனைக் குடுத்துடறாரே" என்று கேட்டாய். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். சரியான பதிலை இப்போது எழுதுகிறேன். பொறுமையாகப் படி. போனில் சொன்னால் நான் அழுவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், விஷயம் பாதியில் நின்றுபோகும்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தப் பழைய ரெக்கார்டு வியாபாரம் தொடங்கியபோது நீ ஊரை விட்டுப் போய்விட்டாய். வரும்போதெல்லாம் அட்டைப் பெட்டிகளையும் தூசியையும்தான் பார்த்தாய். அதனால் அவர் என்ன செய்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கூப்பிடுவார்கள். ஒரு சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு போவார். ரெக்கார்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நடுத்துளையைச் சுற்றி முடிபோல மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் அது பலமுறை ஓடிய ரெக்கார்டு. வெளிச்சத்தில் கீறல் தெரியும். ஆனால் தேய்மானம் தெரியாது. கனமான ஊசியில் ஓடித் தேய்ந்த ரெக்கார்டு சில சமயம் புதுசைவிட அதிகமாகப் பளபளக்கும். கீறல் விழுந்த இன்னொன்று ஒரு சத்தமும் இல்லாமல் பாடிவிடும். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி. "கண்ணு சாட்சி சொல்லும். காதுதான் தீர்ப்பு சொல்லும்" என்று புதிதாக வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். பிறகு உறையில் ஒரு சீட்டு ஒட்டுவார். புதுசு, சுத்தம், சுமார், பழுது. இந்த நான்கு வார்த்தைகள்தான். தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் ரெக்கார்டைப் பார்க்காமல், கேட்காமல், அந்தச் சீட்டை மட்டும் நம்பி வாங்கினார்கள். அவர் 'சுத்தம்' என்று எழுதினால் சுத்தம். நான் நாற்பது பிள்ளைகளுக்கு மார்க் போட்டுவிட்டு இரண்டு பேருக்காவது மனம் மாறித் திருத்துவேன். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

போன வருஷம் அவருக்கு நல்ல வருஷம். அப்படித்தான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வாங்கி வந்ததெல்லாம் 'சுத்தம்'. "இப்பல்லாம் ஜனங்க ரெக்கார்ட எவ்வளவு நல்லா வெச்சிருக்காங்க பாத்தியா" என்று ஆச்சரியப்படுவார். நடுத்துளையைச் சுற்றிக் கோடுகள் நிறைந்து கிடக்கும். "நிறைய ஓடியிருக்கு, ஆனா மெஷின் நல்ல மெஷினா இருந்திருக்கணும், ஒரு தூசி சத்தம் இல்ல" என்பார். கண் சரியாகத்தான் சாட்சி சொன்னது. அவர் தன் விதிப்படி காதை நம்பினார். ராத்திரி சாப்பிடும்போதும் அதே பேச்சு. இத்தனை வயதில் ஒரு மனிதர் இவ்வளவு உற்சாகமாக இருக்கிறாரே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்று, பிறகு இரண்டு. "அனுப்பற வழியில யாரோ தூக்கிப் போட்டிருக்காங்க" என்றார். திரும்பி வந்ததை மறுபடியும் போட்டுக் கேட்டு, "இதுல என்ன குறை கண்டான்?" என்று வருத்தப்பட்டார். பல் டாக்டர் ஒருவர் உண்டு, பழைய வாடிக்கையாளர், நீகூட அவரிடம் ஒரு பல்லைப் பறிகொடுத்திருக்கிறாய். அவர் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நான் நாள் முழுக்க டிரில் சத்தத்துல இருக்கறவன். எனக்கே கேக்குது இந்தக் கரகரப்பு. சாருக்கு எப்படிக் கேக்காம போச்சு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நேரில் வந்தார், அப்பாவிடம் வாங்கிய ரெக்கார்டோடு. அப்பாவே அதை மெஷினில் போட்டார். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது, பாட்டு அதற்கு அடியில் எங்கேயோ கிடந்தது. அப்பா கண்ணை மூடி, முழங்காலில் தாளம் போட்டபடி, "சொல்லுங்க டாக்டர், இதைவிட சுத்தமா வேற என்ன வேணும் உங்களுக்கு" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஆமா சார், என் மெஷின்லதான் ஏதோ கோளாறு போல" என்று சொல்லிவிட்டு, பேரம் பேசாமல் இன்னும் இரண்டு ரெக்கார்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் பேரம் பேசாததுதான் அப்பாவுக்கு உறுத்தியது. "பத்து நிமிஷம் அடிச்சிப் பேசாம அந்த ஆளு ஒரு ரெக்கார்டும் வாங்கினதில்லையே. இன்னைக்கு ஏன் எனக்கு அனுதாபப்பட்டான்?" என்று கேட்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் ஒரே புல்லாங்குழல் ரெக்கார்டில் இரண்டு பிரதிகள் உண்டு. வியாபாரம் தொடங்கியபோது நான் சொன்ன யோசனை அது. தேய்மானம் என்றால் என்னவென்று வாயால் விளக்கினால் யாருக்கும் விளங்காது, நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்றேன். ஒன்று அதிகம் ஓடாதது. மற்றது ஒரு ஓட்டலில் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடித் தேய்ந்தது. நல்ல பையன், கெட்ட பையன் என்று பெயர் வைத்திருந்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். கெட்ட பையனின் நடுவில் மட்டும் ஒரு மைப்புள்ளி. வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டையும் போட்டுக் காட்டுவார். சின்னக் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

"நான் சுவரைப் பாத்து உக்காந்துக்கறேன். நீ உன் இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்துப் போடு. எதுன்னு சொல்லாத" என்றார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் கெட்ட பையனைப் போட்டேன். ஏன் அதை எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கை அதன் மேல்தான் போயிற்று. அதே எண்ணெய்ச் சத்தம். குழல் மேலே ஏறும் இடத்திலெல்லாம் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் அசையாமல் அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார். ஊசி நின்றதும், "நல்ல பையன். சரிதானே?" என்றார்.

நான் "சரிதாங்க" என்றேன்.

முப்பத்தைந்து வருஷம் தப்பான விடைக்குச் சரி போடாதவள், அன்று போட்டேன். போட்டுவிட்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் இல்லை. நம்பிவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, "ஏன் பதில் சொல்ல மாட்டேங்கற?" என்று கேட்டார்.

என் குரல் அவருக்கு எட்டவே இல்லை. நான் வாய் திறந்ததே அவருக்குத் தெரியாது.

எழுந்து வந்தார். மெஷின் மேல் குனிந்து மைப்புள்ளியைப் பார்த்தார். என் தோளில் கை வைத்து, "பாவம், உனக்குப் பொய் சொல்ல வாய் வரல. டீச்சராச்சே" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். என்னைப் பற்றி அவர் மனதில் இருக்கும் அந்த நல்ல எண்ணத்தை எதற்குக் கெடுப்பது? கெடுக்க நினைத்தாலும் எப்படிச் சொல்வது, சொல், கத்தித்தானே சொல்ல வேண்டும்.

அன்று மாலையே விற்றதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எல்லோருக்கும் போன் செய்யச் சொன்னார். நான்தான் செய்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு முன்னால் மாட்டியிருந்த வியாபாரப் பலகையைக் கழற்றிவிட்டார். இப்போது நடைவழியெல்லாம் திரும்பி வந்த பார்சல்கள். பாதியைப் பிரிக்கக்கூட இல்லை.

காது டாக்டரிடம் போனோம். எனக்குப் புரிந்ததை என் வழக்கப்படி உதாரணத்தோடு சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து ஹார்மோனியம் உனக்கு நினைவிருக்கும். அதில் உச்சசுரம் தரும் வலது கோடிக் கட்டைகள் முதலில் ஊமையாயின. பிறகு ஒவ்வொன்றாக இடது பக்கம் நோக்கி வந்தது. அப்பாவின் காதும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும். கரகரப்பு, இரைச்சல், பறவைச் சத்தம், குழந்தைகள் பேச்சு எல்லாம் வலது கோடி. அவை போய்விட்டன. அதனால்தான் உலகத்து ரெக்கார்டெல்லாம் அவருக்குச் சுத்தமாகிவிட்டது. போனது திரும்பாது, இருப்பதும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கருவி ஒன்று கொடுத்தார். அப்பா அதை இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு டப்பாவில் வைத்துவிட்டார். "தேஞ்ச ரெக்கார்டுக்குச் சத்தத்தைக் கூட்டினா என்ன ஆகும்? தேய்மானம்தான் பெருசாக் கேக்கும்" என்றார். அன்று டாக்டரிடமிருந்து திரும்பி வரும் வழியில், "உறை மட்டும் நல்லாயிருக்கு, உள்ள பழுதுன்னு சீட்டு எழுதி என் சட்டையில ஒட்டிடு" என்றார். நானும் சிரித்துவைத்தேன். அவர் கடைசியாகச் சொன்ன வேடிக்கை அதுதான்.

பல் டாக்டர் ஒரு யோசனை சொன்னார், டீச்சர் கேட்டுச் சொல்லட்டும், சார் சீட்டு எழுதட்டும் என்று. செய்து பார்த்தோம். "எப்படி இருக்கு, மணல் சத்தமா, மழைச் சத்தமா? பாட்டு முழுக்கவா, கடைசியில மட்டுமா?" என்று கேட்பார். எனக்கு மணலும் மழையும் ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்வேன், அது அவருக்குக் கேட்காது. உரக்கச் சொன்னால் என் குரல் கீச்சென்று மேலே போய்விடும், அப்போது இன்னும் கேட்காது. "கத்தாத, கத்தினா உன் முகம் மட்டும்தான் தெரியுது" என்றார். அத்தோடு விட்டுவிட்டோம். கடைசி பெஞ்சு வரை கேட்ட குரல் அடுத்த நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை. நான் இந்த வீட்டில் இப்போது தனியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவரும் தனியாகத்தான் இருக்கிறார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் உதடும் தெரியாது, அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். போன தடவை நீ வந்தபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "இந்தக் குப்பையெல்லாம் வித்துட்டு எங்ககூட வந்துடுங்கப்பா" என்றாய். உன் பெண் தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தாள், தட்டுகள் சத்தம், குழாய் திறந்திருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே, "நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்றார். உன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ போன பிறகு, "பையன் ஏன் பாதியில எழுந்துட்டான்? உப்பு அதிகமா?" என்று என்னைக் கேட்டார். "நடிக்காதீங்க" என்று திட்டினேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னது அவர் காதில் விழவே இல்லையப்பா. போனை என்னிடம் கொடுப்பதும் கோபத்தில் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதாம். உன்னிடம் "என்ன? என்ன?" என்று கேட்க வெட்கப்படுகிறார். நான் போனை வைத்ததும், "அவன் என்ன சொன்னான்?" என்பார். விரல் விட்டு, உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாகச் சொல்வேன். போன வாரம் எல்லாம் கேட்டுவிட்டு, "எந்தக் குரல்ல சொன்னான்?" என்றார். அதை நான் எப்படிச் சொல்லிக் காட்டுவேன்?

உன் குரல் உடைந்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தோம், தொட்டிக்குள்ளிருந்து பேசுகிறான் என்று. அந்தக் குரல் இடது பக்கத்துக் கட்டை. என்னுடையது போய்விட்டது, உன்னுடையது இன்னும் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து பேசினால் கேட்கும் என்று காது டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேன். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு அவர் சீட்டில் எதையோ எழுதுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத மாட்டேன். ஒன்றும் சரியாகாது. பார்சல்கள் அப்படியே இருக்கும், பலகை திரும்ப ஏறாது. பள்ளி விடுமுறை வரட்டும், டிக்கெட் விலை குறையட்டும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே. தனியாக வந்தாலும் போதும். குப்பை என்று திட்ட வேண்டுமானால்கூட வந்து திட்டு.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வரும்போது கதவைத் தட்டாதே, தட்டினால் நான்தான் வருவேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். நேராக முன்னறைக்குப் போய், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்து, "அப்பா" என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா